பிடுங்கிய வேலியும் 85 பவுண்டு வரப்பும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வண்டுகளோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கும் வண்டு என்றால் ராத்திரி விளக்கைச் சுற்றிவிட்டு சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுவது மட்டும்தான். என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது ஒரு கணக்கு. மிகச் சின்னக் கணக்கு. நாலே நாலு எண்கள்.

இங்கிலாந்தில் 20 ஹெக்டேர் கோதுமை வயல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் சுமார் 50 ஏக்கர். அதன் நடுவே நீளமாக ஒரு மண் வரப்பு போட்டு, அதன்மேல் புல் விதைத்துவிட்டால் முதல் வருடச் செலவு 85 பவுண்டு. அதற்குப் பிறகு, வரப்பு இருக்கும் இடத்தில் கோதுமை விளையாது என்பதால் வருடத்துக்கு 30 பவுண்டு இழப்பு. இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த வயலுக்கு ஒரு தடவை பூச்சிமருந்து அடிக்காமல் விட முடிந்தால் 300 பவுண்டு மிச்சம். அசுவினியால் போகும் 5 சதவீத விளைச்சலைக் காப்பாற்ற முடிந்தால் 660 பவுண்டு மிச்சம்.

இது அந்த வரப்பை முதலில் போட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் அன்றைய விலையில் போட்ட மதிப்பீடு. இன்றைக்கு எல்லா எண்ணும் மாறியிருக்கும். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது இதில் வரும் லாபம் இல்லை. அதற்கு முப்பது வருடம் முன்னால், அதே நாட்டு அரசாங்கம், வயலோரத்துப் புல் கரைகளையும் வேலிகளையும் பிடுங்கி எறிவதற்காக விவசாயிகளுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த முடிவும் கணக்குப் போட்டு எடுத்ததுதான்.

இரண்டு கணக்கையும் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

வேலி வந்த கதை

வேலி என்றவுடன் முள்கம்பியை நினைக்க வேண்டாம். நம் ஊரில் உயிர்வேலி என்கிறோமே, அது. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முள்மரத்தை நெருக்கமாக வரிசையாக நட்டு, வருடா வருடம் வெட்டிப் பின்னி வளர்ப்பார்கள். பல இடங்களில் வேலி ஒரு சின்ன மண் கரையின்மேல் நிற்கும். கரையின் சரிவில் புல் தூர் தூராக மண்டிக் கிடக்கும். இந்தப் புல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் முக்கியமான ஆள் அதுதான்.

இங்கிலாந்தின் வேலிகளில் சில ஆயிரம் வருடப் பழமையானவை. ஆனால் ஏராளமானவை 1750-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட நூறு வருடத்தில் நடப்பட்டவை. அதற்கு முன்பு பல ஊர்களில் வயல்கள் திறந்த வெளியாக இருந்தன. ஊருக்கு ஒரு பொது மேய்ச்சல் நிலமும் இருக்கும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவன் தன் ஒரே மாட்டை அங்கே மேய்த்துக்கொள்ளலாம், விறகு பொறுக்கிக்கொள்ளலாம். நாடாளுமன்றம் ஊர் ஊராகச் சட்டம் போட்டு இந்த நிலங்களைத் தனியார் கையில் பிரித்துக் கொடுத்தது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். மொத்தம் 68 லட்சம் ஏக்கர். நிலம் கிடைத்தவன் முதலில் செய்த வேலை, எல்லையில் வேலி நட்டதுதான். ஜான் கிளேர் என்ற கூலிக்காரக் கவிஞரின் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809-இல் இந்தச் சட்டம் வந்தது. அந்த இழப்பைப் பற்றி அவர் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆக, வேலி ஒன்றும் புனிதமான பொருளாகப் பிறக்கவில்லை. ஏழையை வெளியே நிறுத்துவதற்காக நட்டது. அதற்குள் வண்டு குடியேறியது யாரும் திட்டமிட்டதில்லை.

வேலிக்கு வயது ஏற ஏறப் புதுப்புது மரங்களும் செடிகளும் தாமாக வந்து சேரும். மேக்ஸ் ஹூப்பர் என்ற அறிஞர் இதை வைத்தே ஒரு சுலபமான விதி சொன்னார்: 30 கஜ நீளத்தில் எத்தனை வகை மரமும் புதரும் இருக்கிறதோ, தோராயமாக அத்தனை நூற்றாண்டு அந்த வேலியின் வயது. எல்லா இடத்திலும் பொருந்தும் விதி இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது. நட்ட அன்றைக்கு இருப்பது முள்செடி மட்டும்தான், மற்றதெல்லாம் காலம் கொண்டு வந்து சேர்த்தது.

வேலி போன கதை

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. 1940-இல் வந்த ரேஷன் 1954-இல்தான் முழுமையாக முடிந்தது. பதினாலு வருடம்! பசியைப் பார்த்த ஒரு தேசம் இனி நம் சோற்றை நாமே விளைவிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததில் தப்பு சொல்ல முடியுமா? 1947-இல் விவசாயச் சட்டம் வந்தது. விளைபொருளுக்கு அரசே விலை உத்தரவாதம் கொடுத்தது.

இப்போது ஒரு விவசாயியின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். குதிரை போய் டிராக்டர் வந்துவிட்டது. பின்னாலேயே கம்பைன் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டது. சின்னச் சின்ன வயலில் பெரிய இயந்திரம் திரும்புவதற்கே பாதி நேரம் போகிறது. வேலியை வெட்டி விட வருடா வருடம் ஆள் கூலி. வேலி நிழல் விழும் இடத்தில் பயிர் சோடை. வேலி பிடித்திருக்கும் இடத்தில் கோதுமை போட்டால் நல்ல விலை. போதாததற்கு வேலியை எடுக்க அரசு மானியமும் உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தால் நானும் "வேலியை எடுத்துவிடலாம்" என்றுதான் விடை எழுதியிருப்பேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

இன்னொரு பயமும் இருந்தது. வேலியில் பூச்சியும் நோயும் ஒளிந்திருக்கிறது என்பது விவசாயிகளின் பழைய குற்றச்சாட்டு. அது முழுப் பொய்யும் இல்லை. வேலியில் வளரும் பார்பெரிச் செடிதான் கோதுமையின் துரு நோய்க்கு மறுவீடு என்று ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி 1865-இல் நிரூபித்தார். ஸ்பிண்டில் என்ற வேலிச் செடியில்தான் அவரையைத் தாக்கும் கறுப்பு அசுவினி முட்டை வைத்துக் குளிர்காலத்தைக் கடத்துகிறது. எதிரி வேலியில் இருக்கிறான் என்பதற்கு ஆதாரம் இருந்தது. நண்பனும் அங்கேதான் இருக்கிறான் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1950-களிலும் 60-களிலும் கிழக்கு இங்கிலாந்தில் வேலிகள் வேகமாக மறைந்தன. மானியம் நின்ற பிறகும் வேலிகள் குறைவது நிற்கவில்லை. 1984-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட ஆறே வருடத்தில் இங்கிலாந்தின் வேலி நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அரசுக் கணக்கெடுப்பு காட்டியது. இதில் பிடுங்கியது பாதி, பராமரிக்காமல் விட்டு வேலி என்ற உருவமே இல்லாமல் போனது மீதி.

விளைச்சல் கூடியதா? கூடியது. போர் முடிந்த சமயத்தில் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டரை டன் கோதுமை எடுத்தவர்கள் 1980-களின் நடுவில் ஏழு டன்னை ஒட்டி எடுத்தார்கள். புது ரகங்கள், உரம், மருந்து, இயந்திரம் எல்லாம் சேர்ந்த பலன் அது. யாரும் இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

கூடவே வந்த மருந்து

போருக்குப் பிறகு டி.டி.டி. வந்தது. 1950-களின் நடுவில் ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்றவற்றை விதையில் கலந்து விதைக்கத் தொடங்கினார்கள். விதையைத் தின்ற புறாக்கள் செத்தன. புறாக்களைத் தின்ற நரிகள் 1959-60 குளிர்காலத்தில் கிழக்கு இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. வல்லூறுகள் குறைந்தன. வல்லூறின் முட்டை ஓடு மெலிந்துபோயிருப்பதை டெரெக் ராட்கிளிஃப் 1967-இல் வெளியிட்டார். வசந்தகால விதைப்பில் இந்த மருந்துகளைக் கைவிடுவதென்று 1960-களின் தொடக்கத்திலேயே உடன்பாடு வந்துவிட்டது.

ஆனால் கோதுமையில் அசுவினித் தொல்லை தீரவில்லை. 1970-களில் சில வருடங்கள் அது வெள்ளமாக வந்தது. அசுவினிக்கு ஒரு விசேஷ சக்தி உண்டு. கோடையில் ஆணே தேவையில்லை. பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி பத்து நாளைக்குள் தானும் குட்டி போடத் தயாராகிவிடும். கூட்டு வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் இருக்கும் பத்து பூச்சியைத் தின்ன ஒருவன் இருந்தால் பிரச்சினையே வராது. பத்து லட்சமான பிறகு அவன் வந்தால் பயனில்லை. இங்கே வட்டி விகிதத்தைவிட அவன் என்றைக்கு வருகிறான் என்பதுதான் முக்கியம்.

துப்பாக்கிக்காரர்கள் கவனித்தது

வேலிக்குள் இருந்த நண்பனைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் பூச்சியியல்காரர்கள் இல்லை. வேட்டைக்காரர்கள்! எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

இங்கிலாந்துப் பண்ணைகளில் சாம்பல் கவுதாரி வேட்டை பெரிய பொழுதுபோக்கு. போருக்குப் பிறகு கவுதாரிகள் குறைந்துகொண்டே வந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க, வேட்டைப் பறவைகளை ஆராயும் கேம் கன்சர்வன்சி அமைப்பின் டிக் பாட்ஸ் 1968-இல் சஸ்ஸெக்ஸ் குன்றுப் பகுதியில் ஆய்வைத் தொடங்கினார். அந்த ஆய்வு அரை நூற்றாண்டைத் தாண்டியும் தொடர்ந்தது. அவர் கண்ட காரணம் எளிமையானது. கவுதாரிக் குஞ்சு முதல் இரண்டு வாரம் பூச்சி தின்றே வளர வேண்டும். களைக்கொல்லி அடித்ததில் களை போயிற்று. களையோடு அதில் வாழ்ந்த பூச்சி போயிற்று. பூச்சி இல்லாமல் குஞ்சு செத்தது. களைக்கொல்லி நேரடியாக எந்தப் பறவையையும் கொல்லவில்லை, சாப்பாட்டைத்தான் எடுத்துவிட்டது.

தீர்வாக, வயலின் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மட்டும் மருந்தை நிறுத்தி அல்லது குறைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. வேட்டைக்கு வரும் வருமானத்தைக் காப்பாற்றப் போன இடத்தில், கோதுமை வயலில் என்னென்ன பூச்சி, எத்தனை, எப்போது என்ற முறையான பட்டியல் முதன்முதலாக அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் ஒன்று தெரிந்தது. தரை வண்டு, சிலந்தி போன்ற வேட்டைப் பூச்சிகள் நிறைய இருந்த வயல்களில் அசுவினி குறைவாக இருந்தது.

இது தற்செயலா, உண்மையா? அடுத்த பத்து வருடம் பல ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்தார்கள். தரை வண்டுகளைப் பிடித்து வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள். உள்ளே அசுவினியின் மிச்சம் இருந்தது. வயலில் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்து மறித்து, வண்டு நுழைய முடியாமல் செய்தார்கள். தடுப்புக்குள் அசுவினி பெருகியது. இந்த வண்டுகள் பொறிவண்டு மாதிரி அழகானவை இல்லை. பல இரவில்தான் வெளியே வரும். பகலில் வயலைச் சுற்றிப் பார்க்கும் விவசாயி கண்ணில் படவே படாது. அதனால்தான் கணக்கிலும் வரவில்லை.

வண்டு நடக்கும் தூரம்

அடுத்த கேள்வி, கோதுமை அறுத்து நிலம் உழுத பிறகு குளிர்காலத்தில் இந்த வண்டுகள் எங்கே போகின்றன? நிக் சாதர்டன் 1980-களின் தொடக்கத்தில் குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டித் தோண்டி எண்ணினார். முக்கியமான பல இனங்கள் வயலுக்குள் இல்லை. ஓரத்தில், வேலியின் அடிக் கரையில், அந்தப் புல் தூருக்குள் ஒடுங்கிக் கிடந்தன. (புல்லை நினைவில் வைக்கச் சொன்னேனே!) அடர்ந்த தூருக்குள் வெளியில் அடிக்கும் குளிர் அப்படியே இறங்காது. ஈரமும் தேங்காது. கரை உயரமாக இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும்.

வசந்தம் வந்ததும் வண்டுகள் அங்கிருந்து புறப்பட்டு வயலுக்குள் நுழைகின்றன. இங்கேதான் சிக்கல். அவை பெரும்பாலும் நடந்தே போகின்றன.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 ஹெக்டேர் சதுர வயல் என்றால் ஒரு பக்கம் சுமார் 447 மீட்டர். ஓரத்திலிருந்து நடு மையத்துக்கு 220 மீட்டருக்கு மேல். அரை சென்டிமீட்டர் வண்டுக்கு இது எவ்வளவு தூரம்! அது நடுவே போய்ச் சேருவதற்குள் அசுவினி தன் கூட்டு வட்டியைத் தொடங்கிவிடும். பழைய சின்ன வயலில் இந்தப் பிரச்சினை இல்லை. எந்த இடத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு வேலி பக்கத்திலேயே இருந்தது. நாலு வயலை ஒன்றாக்கியபோது வேலி மட்டும் போகவில்லை. மிச்சம் இருந்த வேலியும் பயிருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

ஆனால் பிடுங்கிய வேலியைத் திரும்ப நடு என்று விவசாயியிடம் சொல்ல முடியுமா? கம்பைனை வீட்டில் நிறுத்திவிட்டுக் குதிரையைக் கொண்டு வா என்பது போலத்தான்.

சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ராட்டன், மேத்யூ தாமஸ், மற்றும் சாதர்டன் கண்டுபிடித்த வழி நடுவழி. வேலி வேண்டாம், வேலியின் அடிக் கரையை மட்டும் செய்வோம். வழக்கமான கலப்பையாலேயே இரண்டு பக்கமிருந்தும் மண்ணை எதிரெதிராகப் புரட்டினால் நடுவில் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கரை எழும்பும். அகலம் இரண்டு மீட்டருக்குள். அதன்மேல் காக்ஸ்ஃபுட் போன்ற தூர் கட்டும் புல்லை விதைக்க வேண்டும். கரை வயலின் இரண்டு முனையையும் தொடக்கூடாது. இயந்திரம் சுற்றித் திரும்ப இடம் விட வேண்டும். அப்போது வயல் இரண்டாகப் பிரியாது, கம்பைன் ஓட்டுபவருக்கும் கோபம் வராது.

1987-இல் ஹாம்ப்ஷயரில் இதைப் போட்டார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் காக்ஸ்ஃபுட் புல்லில் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 வரை வேட்டைப் பூச்சிகள் இருந்தன. 1991-இல் ஆய்வு வெளியானது.

இந்தக் கரைக்கு அவர்கள் வைத்த பெயர் பீட்டில் பேங்க். ஆங்கிலத்தில் பேங்க் என்றால் மண் கரை என்றும் பொருள், வங்கி என்றும் பொருள். குளிர்காலத்தில் போட்டு வைத்து வசந்தத்தில் வட்டியோடு எடுக்கிற வங்கி :-)

விட்டுப்போன பத்தி

இப்போது முதலில் சொன்ன எண்களுக்குத் திரும்பி வருவோம். வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இரண்டு பக்கமும் 25 மீட்டர் விட்டால் கரையின் நீளம் சுமார் 400 மீட்டர். அகலம் 2 மீட்டர் என்றால் 800 சதுர மீட்டர். 20 ஹெக்டேரில் இது 0.4 சதவீதம். அதாவது 250-இல் ஒரு பங்கு நிலம். வருட இழப்பு 30 பவுண்டு மட்டும் என்பது இதனால்தான்.

பி.காம். முதல் வருடத்திலேயே மணி மெஷர்மென்ட் கான்செப்ட் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். பணத்தில் அளக்க முடிந்ததை மட்டும்தான் கணக்கேட்டில் எழுத முடியும் என்பது விதி. தொழிலாளியின் விசுவாசம், முதலாளியின் உடல்நலம் இதெல்லாம் ஏட்டில் வராது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. 1950-களின் இங்கிலாந்து விவசாயியின் ஏட்டில் வேலிக்கு எதிரே செலவு மட்டும்தான் இருந்தது. வெட்டுக்கூலி, நிழல், இடம். வேலி செய்த வேலை எதுவும் வரவில் இல்லை. காரணம், அந்த வேலையின் பலன் ஒரு நஷ்டம் நடக்காமல் போனது. வராத அசுவினிக்கு ரசீது கிடையாது. நடக்காத நஷ்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

வேலி போன பிறகுதான் அந்தப் பத்தி நிரம்பத் தொடங்கியது. அப்போதும் அது "வேலி போனதால் வந்த செலவு" என்ற தலைப்பில் வரவில்லை. "பூச்சிமருந்து" என்ற தலைப்பில் வந்தது. யாரும் இரண்டையும் கோடு போட்டு இணைக்கவில்லை. தாமஸும் ராட்டனும் செய்தது பெரிய தத்துவப் போதனை இல்லை. அதே விவசாயியின் அதே ஏட்டை எடுத்து, விட்டுப்போன பத்தியில் 300 என்றும் 660 என்றும் இரண்டு எண் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அரசும் மெதுவாகத் திரும்பியது. 1980-களில் ஐரோப்பாவில் தானியம் மலையாகக் குவிந்து, 1988-இல் நிலத்தைத் தரிசாகப் போடவே பணம் கொடுக்கும் திட்டம் வந்திருந்தது. 1992-இல் வேலிகளைச் சீர்செய்ய ஊக்கத்தொகை வந்தது. 1997-இன் வேலி விதிகளின்படி, கிராமப்புறத்தில் 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான வேலியைப் பிடுங்க வேண்டுமானால் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 30 வருடத்துக்கு மேற்பட்ட முக்கியமான வேலி என்றால் அவர்கள் தடுக்கலாம். 2005-இல் தொடங்கிய பண்ணைச் சூழல் திட்டத்தில் வண்டுக் கரை போடுவதற்கும் அரசு பணம் கொடுத்தது. பிடுங்கக் கொடுத்த அதே கஜானா!

மறுபக்கம்

இதைப் படித்துவிட்டு, வரப்பில் புல் வளர்த்தால் போதும், பூச்சி ஓடிவிடும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-இல் உலகம் முழுவதிலிருந்தும் 132 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுற்றிலும் இயற்கை நிலம் இருந்தால் பூச்சி குறையும் என்பது சில இடத்தில் உண்மையாகவும் சில இடத்தில் எதிர்மாறாகவும் இருந்தது. எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எந்தச் செடி என்பதைப் பொறுத்தது அது. அந்த பார்பெரியும் ஸ்பிண்டிலும் இன்றைக்கும் உண்மைதான். கரையைப் போட்டுவிட்டு மேலே வழக்கம்போல மருந்தும் அடித்தால் வண்டும் சேர்ந்து சாகும். 85 பவுண்டும் போச்சு, 300 பவுண்டும் போச்சு.

ஆனால் மருந்துப் பக்கக் கணக்கும் நிலையாக இல்லை. பைரெத்ராய்டு மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் கோதுமை அசுவினி 2011-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று முக்கியமான நியோனிகோடினாய்டு மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. மருந்தும் தேய்மானம் ஆகிற சொத்துதான். வண்டுக் கரையோ வருடம் ஆக ஆக வலுக்கிறது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி பக்கிங்ஹாம்ஷயரில் ஹில்ஸ்டன் என்ற 900 ஹெக்டேர் வணிகப் பண்ணை. அங்கே வயலோரங்களில் சில இடத்தில் 3 சதவீதம், சில இடத்தில் 8 சதவீதம் நிலத்தைப் பயிரிலிருந்து எடுத்துப் பூவுக்கும் புல்லுக்கும் விட்டார்கள். ஆறு வருட முடிவு 2015-இல் வெளியானது. நிலம் குறைந்தும் மொத்த விளைச்சல் குறையவில்லை. சில பயிர்களில் கூடவும் செய்தது. வருடம் ஏற ஏறப் பலனும் ஏறியது. ஓர நிலம் எப்போதும் சோடை விளைச்சல் தரும் இடம், அதை விட்டதில் இழப்பு சின்னது. மகரந்தம் சேர்ப்பவையும் பூச்சியைத் தின்பவையும் சேர்ந்து மீதி நிலத்தில் அதை ஈடு கட்டின.

வரப்பு

இந்த யோசனை கோதுமையோடு நிற்கவில்லை. ராட்டன் பிறகு நியூசிலாந்துக்குப் போனார். அவரும் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கரும் சேர்ந்து 2004-இல் இந்தத் துறைக்கே ஒரு நூலைத் தொகுத்தார்கள். அதே கரும் அவருடைய குழுவும் சீனா, வியட்நாம், தாய்லாந்து நாடுகளின் நெல் வயல்களில் சோதனை செய்தார்கள். நெல் வயலில் வண்டுக் கரை புதிதாகப் போட வேண்டியதில்லை. வரப்பு ஏற்கனவே இருக்கிறது! அதில் எள் போன்ற தேன் தரும் பூச்செடிகளை வளர்த்தார்கள். தத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் மிகச் சின்னக் குளவிகளுக்கு அந்தத் தேன் உணவு. நான்கு வருட முடிவு 2016-இல் வந்தது. பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது, பண வகையில் 7.5 சதவீத லாபம்.

வரப்பில் எள்! இந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரப்பைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதுதான் நல்ல விவசாயிக்கு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

வண்டுக் கரைக்கு இரண்டு குளிர்காலம் போதும், வண்டுகள் வந்துவிடும். ஆனால் அது வேலி ஆகாது. முந்நூறு வருட வேலியில் தானாக வந்து சேர்ந்த மரங்களும் பறவைகளும் 85 பவுண்டுக்குத் திரும்பி வராது. பிடுங்க ஒரு நாள், மானியத்தோடு. திரும்பப் பெற எத்தனை தலைமுறை என்று எந்த மதிப்பீட்டிலும் எழுத முடியாது.

நாளைக்கு நாங்கள் எல்லாம் படித்து முடித்து ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த இனத்தில் வருமானம் இல்லை, செலவு மட்டும் இருக்கிறது, நீக்கிவிடலாம்" என்று ஒரு பட்டியலில் டிக் அடிக்கப்போகிறோம். அந்த வரி ஒரு வேலியாகவும் இருக்கலாம், ஒரு குளமாகவும் இருக்கலாம், ராத்திரி மட்டும் வேலை செய்கிற ஒரு ஆளாகவும் இருக்கலாம். டிக் அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: இது இருப்பதால் எந்த நஷ்டம் நடக்காமல் இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு ஏட்டில் பத்தி கிடையாது. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.